அச்சு ஒன்று, முகம் நூறு

திருவண்ணாமலைப் பெரிய கோயிலிலிருந்து செங்கம் சாலை வழியே தென்மேற்காக இரண்டு கிலோமீட்டர் தொலைவு நடந்தால் ரமணாசிரமம் வந்துவிடும். வழியெங்கும் ஊதுவத்தி, உருத்திராட்சம், புத்தகம், படம் என்று விற்கும் சிறு கடைகள். அவற்றின் பலகைகளில் உள்ளங்கை அளவிலிருந்து ஒரு முழ உயரம் வரை பொம்மைகள் வரிசையாக நிற்கும். கோவணமும் கைத்தடியும் கமண்டலமும் கொண்டது ரமணர். தலைப்பாகையும் பனையோலை விசிறியும் கொட்டாங்கச்சியும் கொண்டது யோகி ராம்சுரத்குமார். நமக்கு ஐயமே எழுவதில்லை.

இப்போது ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள் வாசகர்களே! தடியையும் விசிறியையும் தலைப்பாகையையும் கையால் மறைத்துக்கொண்டு முகத்தை மட்டும் நோக்குங்கள். இவர் இன்னார் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறதா? பல பொம்மைகளில் முடியாது. ஒரே வெளிர்சிவப்பு, ஒரே கறுப்புக் கோட்டில் புருவம், வட்டமாக விழித்த கண்கள்! வெண்தாடி வைத்த எந்தப் பெரியவராகவும் அவர் இருக்கலாம்.

கடையில் வாங்கிய உருவத்தின் பூச்சை நீக்கி, உரியவரின் சாயல் வரும்படி மீண்டும் வண்ணம் தீட்டுவது இன்று உலகெங்கும் ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. திரைப்பட நாயகர்களின் கைகால் அசையும் பொம்மைகளை, 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று சேகரிப்போர் அழைக்கும் அவ்வுருவங்களை, நடிகரின் முகத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். இது ஏதோ மேல்நாட்டுப் பித்து என்று நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நவராத்திரி நெருங்கும்போது பரணிலிருந்து இறங்கும் கொலுப் பொம்மைகளுக்கு மறுவண்ணம் தீட்டும் வழக்கம் நம் வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவருவதுதானே! சாயல் என்பது நம் மண்ணில் எவ்வாறு கருதப்பட்டது, வண்ணத்துக்கும் அதற்கும் என்ன உறவு, மறுவண்ணத்தால் நாம் பெறுவது என்ன, இழப்பது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பெயரே முகமான காலம்

முதலில் பெரிய கோயிலுக்குள்ளேயே செல்வோம். அங்கே வல்லாள கோபுரம் இருக்கிறது. 14 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருவண்ணாமலையையும் ஒரு தலைநகராகக் கொண்டிருந்த போசள மன்னர் மூன்றாம் வல்லாளரின் பெயர் தாங்கியது அது. மதுரைச் சுல்தான்களோடு நிகழ்ந்த போரில் உயிரிழந்த இம்மன்னருக்குப் பிள்ளையில்லை என்றும், அண்ணாமலையாரே மகனாக இருந்து நீர்க்கடன் ஆற்றுகிறார் என்றும் தலமரபு கூறும். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் அந்தச் சடங்கு இன்றும் நடைபெறுகிறது. கோபுரத்தில் மன்னரின் உருவமும் உண்டு. கூப்பிய கைகளும் அரச அணிகளும் கொண்ட அவ்வுருவத்தை வல்லாளர் என்று நாம் அறிவது எதனால்? முகத்தைக் கண்டா? இல்லை. கோபுரத்தின் பெயராலும் ஊரார் சொல்லாலுமே அறிகிறோம்.

தமிழகத்தின் பழைய உருவச் சிலைகள் பலவற்றின் நிலை இதுதான். மாமல்லபுரம் ஆதிவராகர் குடைவரையில் இரண்டு பல்லவ அரசர்கள் தத்தம் தேவியரோடு காட்சியளிக்கிறார்கள். சிம்மவிஷ்ணு என்றும் மகேந்திரர் என்றும் மேலே பொறித்திருப்பதால்தான் அவர்கள் யாரென்பது தெரிகிறது. பொறித்திருந்தும் என்ன? இவர் எந்தச் சிம்மவிஷ்ணு, அவர் எந்த மகேந்திரர் என்ற வாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓய்ந்தபாடில்லை. முகம் சான்றாகாத இடத்தில் எழுத்து மட்டுமே சான்றாக நிற்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இன்னும் சுவையானவை. கோயில் நிர்வாகத்தைக் கவனித்த ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்த வேளான், நாயன்மார் திருமேனிகளோடு முதலாம் இராசராசருக்கும் உலகமாதேவியாருக்கும் செப்புத் திருமேனிகள் எடுத்தார். பாதம் முதல் கேசம் வரை எத்தனை முழம், எத்தனை விரல் என்று உயரத்தை அளந்து கல்லில் வெட்டிவைத்தார்கள். நகைகளின் எடையையும் மணிகளின் எண்ணிக்கையையும் விடாமல் எழுதிய அந்தக் கணக்கர்களுக்கு, முகம் அரசரைப் போல் அமைந்ததா என்பது எழுத வேண்டிய செய்தியாகத் தோன்றவில்லை. வழிபாட்டில் நிற்கும் உருவத்துக்குப் பெயரும் இடமும் அளவும் போதுமானவையாக இருந்தன.

நாயக்கர் காலத்தில் காற்று சற்றே திசைமாறுகிறது. மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களில் நிற்கும் நாயக்க மன்னர் வரிசையில், திருமலை நாயக்கரின் திரண்ட உடலும் தொந்தியும் மறைக்கப்படவில்லை. இலக்கண அளவைக் கடந்து 'இந்த ஆள்' என்று காட்டும் விருப்பம் அங்கே வெளிப்படுகிறது. ஆனாலும் அது உடற்கட்டின் அடையாளமே. கண்ணின் சாய்வும் இதழின் கோணலும் பிடிபட வேறொரு கருவி வந்தாக வேண்டியிருந்தது.

ஒளி பிடித்த முகம்

அக்கருவி புகைப்படம். அது 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியாவுக்கு வந்துசேர்ந்தது. வந்த சில ஆண்டுகளிலேயே நம்மவர்கள் அதன்மீது வண்ணம் தீட்டவும் தொடங்கினார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் புடவைக் கரைக்குப் பொன்னும், கன்னத்துக்குச் சிவப்பும், பின்புலத்துக்குத் திரைச்சீலையும் ஏறின. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் முன்னோர்களை இன்றும் இக்கோலத்தில் காணலாம். ஒளி தந்த சாயல் ஒன்று, தூரிகை தந்த சாயல் ஒன்று, இரண்டும் ஒரே தாளில்!

1894 இல் மும்பையில் தொடங்கப்பட்ட இரவிவர்மா அச்சகம், தெய்வங்களின் முகங்களை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. அந்த மரபின் தமிழகக் கிளையைத் தழைக்கச் செய்தவர் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற இவர், இளமையில் துறவு நாடி ரமணாசிரமத்தில் வந்து தங்கியவர் என்பது பலரும் அறியாத செய்தி. பின்னர் அங்கிருந்து திரும்பி, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியில் நிலைகொண்டார். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் இலட்சுமியும் சிவகாசியில் அச்சாகி, காலண்டர்களாகத் தமிழகம் முழுவதும் தொங்கின. பொம்மை செய்வோருக்கும் அப்படங்களே பாடநூல் ஆயின. இன்று கொலுப்படியில் நாம் காணும் இலட்சுமியின் உருண்டை முகமும் பாதி மலர்ந்த புன்னகையும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், விடையின் ஒரு பகுதி கோவில்பட்டியில் இருக்கிறது.

ரமணரின் கதை இதற்கு நேர்மாறானது. தெய்வங்களுக்கு ஓவியர் முகம் கொடுத்தார். இவருக்கோ முகம் ஏற்கெனவே இருந்தது, அதுவும் ஆண்டு ஆண்டாகப் பதிவாகி! 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதுச் சிறுவனாக ஊருக்குள் நுழைந்தவரை, 1900 ஆம் ஆண்டை ஒட்டி எடுத்த படமே நமக்குக் கிடைத்திருக்கும் முதற்படம். விரூபாட்ச குகையில் இளைஞர், கந்தாசிரமத்தில் நடுவயதினர், 1922 க்குப் பின் மலையடிவாரத்து ஆசிரமத்தில் முதியவர் என்று அரை நூற்றாண்டு முழுவதும் படங்கள் தொடர்கின்றன. 1946 இல் பெங்களூரைச் சேர்ந்த ஜி.ஜி. வெல்லிங் எடுத்த மார்பளவுப் படம் இன்று உலகறிந்தது. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தபோது பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் திருவண்ணாமலையில்தான் இருந்தார்.

அந்தப் படங்களை அடுக்கிவைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். தலைமுடியும் தாடியும் படத்துக்குப் படம் மாறுகின்றன. காரணம் எளியது. மாதம் ஒருமுறை பௌர்ணமியன்று அவருக்கு முடிமழிப்பது வழக்கம். பௌர்ணமிக்கு மறுநாள் எடுத்த படத்தில் தலை மொட்டையாக இருக்கும். அடுத்த பௌர்ணமிக்கு முந்தைய நாள் எடுத்ததில் வெண்முடி அரும்பி நிற்கும். ஆகவே 'ரமணரைப் போல்' என்று நாம் சொல்லும்போது எந்த ஆண்டின், எந்த நாளின் ரமணர் என்றும் சொல்லியாக வேண்டும். பல்லவ அரசருக்குக் கிடைக்காத இந்தத் துல்லியத்தைப் புகைப்படம் நம்மிடம் கேட்கிறது.

ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்தப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. வடிவத்துக்கு அவை சாட்சி. நிறத்துக்கு? அடியவர்கள் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளில் பொன்னை ஒத்த மேனி என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கடைப் பொம்மையின் வெளிர்சிவப்பு அதுவன்று. கையால் வண்ணமேற்றிய படங்களின் இளஞ்சிவப்பும் அதுவன்று. வண்ணம் தீட்ட அமர்பவர் ஒரு கண்ணைப் படத்திலும் மறு கண்ணை எழுத்திலும் வைத்துத்தான் குழைக்க வேண்டும்.

அச்சு செய்வது, வண்ணம் செய்வது

இனி பொம்மைக்கு வருவோம். காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி முதலிய ஊர்களில் கொலுப் பொம்மை செய்யும் முறை பெருமளவு ஒன்றே. முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு. களிமண்ணை இரண்டிலும் அழுத்தி, ஒட்டி, உலர்த்தி, சூளையில் இடுவர். காகிதக் கூழ்ப் பொம்மைக்குச் சூளை தேவையில்லை, வெயில் போதும். அதன்மேல் சுண்ணப்பொடியைப் பசையோடு குழைத்து வெள்ளைப் பூச்சு. இந்த வெள்ளை இரண்டு வேலை செய்கிறது. மண்ணின் துளைகளை அடைக்கிறது. மேலே வரும் நிறத்தை ஒளிரவும் செய்கிறது. பிறகு மேனி நிறம், உடை, அணி. எல்லாவற்றுக்கும் இறுதியில் கண்.

அச்சு பலமுறை பயன்பட்டுத் தேயும். மூக்கின் கூர் மழுங்கும், இமையின் விளிம்பு கரையும். நூறாவது பொம்மையின் முகம் ஏறத்தாழ ஒரு முட்டை! அதில் இராமனையும் இலக்குவனையும் பரதனையும் பிரித்துக் காட்டுவது மண்ணன்று, வண்ணமே. நீலம் பூசினால் இராமன், பொன்மஞ்சள் பூசினால் இலக்குவன். செட்டியார் பொம்மையின் மீசையை நீக்கித் தாடி வைத்தால் முனிவர்.

ரமணாசிரமத்தின் புதிய மண்டபத்தில் இருக்கும் ரமணரின் கருங்கல் சிலையை இங்கே நினைவுகொள்வது நலம். அதற்கு வண்ணமில்லை. கல்லில் சிற்பி இமையை ஆழமாக வெட்டினால் நிழல் தானே விழுந்து பார்வை பிறக்கிறது. ஆளுயரச் சிலையில் அதற்கு இடமுண்டு. அரையடிப் பொம்மையில் நிழல் விழுவதற்கு ஆழம் ஏது? ஆகவே நிழலையும் தூரிகையால் எழுத வேண்டியிருக்கிறது. உருவம் சிறுக்கச் சிறுக்கச் சிற்பியின் பொறுப்பு ஓவியரின் கைக்கு மாறுகிறது.

இது நம் பொம்மைகளுக்கு மட்டும் உரிய நியதியன்று. 1964 இல் அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனம் 'ஜி.ஐ. ஜோ' என்ற போர்வீரப் பொம்மையை வெளியிட்டது. பையன்கள் பொம்மை என்றால் வாங்கமாட்டார்கள் என்று அஞ்சி, 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற பெயரை அவர்கள் கையாண்டதுதான் இந்த வகைக்கே பெயரானது. தரைப்படை, கடற்படை, வான்படை, கடற்காலாட்படை என்று நான்கு வீரர்கள். நால்வருக்கும் ஒரே முகம்! முடி நிறமும் உடையும் மட்டுமே வேறு. மனித உருவத்துக்கு வணிக உரிமை கோருவது கடினம் என்பதால், வலக்கன்னத்தில் ஒரு தழும்பைச் சேர்த்து அதைத் தம் அடையாளமாக்கிக்கொண்டார்கள். 1965 இல் கறுப்பின வீரர் ஒருவரை வெளியிட்டபோதும் அதே அச்சு, அதே மூக்கு, அதே தழும்பு. நிறத்தை மட்டும் மாற்றினார்கள். ஒரு மக்களினத்தின் முகத்தை வண்ணத்தால் மட்டும் செய்துவிட முடியுமா? முடியாது என்பதற்கு அப்பொம்மையே சான்று. வண்ணத்தின் ஆற்றலைப் போலவே அதன் எல்லையையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாத எலும்பை வண்ணம் படைக்காது.

இவ்வரலாற்றில் சென்னைக்கும் ஒரு பங்குண்டு. எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்புரோவும் இணைந்து 1987 இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் நிறுவனத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. அமெரிக்க அச்சுகளைக் கொண்டே இந்தியச் சிறுவர்களுக்காக ஜி.ஐ. ஜோ உருவங்களை அது வார்த்தது. அளவு சிறியது, ஏறத்தாழ ஒன்பதரை சென்டிமீட்டர். அச்சு அதுவேயானாலும் பல உருவங்களில் நிறங்கள் வேறு. அங்கே மங்கிய பச்சை உடுத்தியவர் இங்கே பளிச்சென்ற வேறு நிறத்தில் வந்தார். 1990 களில் நம் பிள்ளைகள் மண்ணில் புரட்டி விளையாடிய அப்பொம்மைகளை, அந்த நிற வேறுபாட்டுக்காகவே இன்று பிறநாட்டுச் சேகரிப்போர் தேடித்தேடி வாங்குகிறார்கள். 'தவறான' வண்ணமே அவற்றின் பிறப்புச் சான்றாகிவிட்டது! இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

ஒரு மில்லிமீட்டரில் ஓர் ஆள்

சாயல் திருந்த மறுவண்ணம் எப்படித் தீட்டப்படுகிறது? கணக்கிலிருந்து தொடங்குவோம். ஆள் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ அரையடி உயரம், இவ்வகை உருவங்களில் பெருவழக்கான அளவு. மனிதக் கருவிழியின் குறுக்களவு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். பொம்மையில் அது 1 மில்லிமீட்டர். கருவிழிப் புள்ளி கால் மில்லிமீட்டர் விலகினால், ஆளுயரத்தில் 3 மில்லிமீட்டர் விலகியதற்குச் சமம். அந்த விலகலில் ஒருவர் மாறுகண்ணராகிவிடுவார்.

தொழிற்சாலைகளில் நெடுங்காலம், மென்மையான ரப்பர் திண்டில் மையைத் தொட்டு முகத்தில் ஒற்றும் முறையே இருந்தது. திண்டு சற்று நழுவினாலும் பார்வை கெட்டது. 2010 களின் பிற்பகுதியிலிருந்து நடிகரின் முகத்தைக் கணினி வழியே புள்ளிப் புள்ளியாக அச்சிடும் முறை பெரிய நிறுவனங்களில் பரவியது. அதனால் சாயல் பெரிதும் கூடியது. ஆயினும் கையால் தீட்டுவோர் குறையவில்லை.

அவர்கள் செய்வதை வரிசைப்படுத்திப் பார்ப்போம். முதலில் பழைய பூச்சை நீக்குகிறார்கள். பிளாஸ்டிக்கையே கரைக்கும் அசிட்டோன் போன்றவற்றை விலக்கி, மென்மையான ஆல்ககால் தொட்ட பஞ்சினால் மெல்லத் துடைக்கிறார்கள். நீர்த்த அக்ரிலிக் வண்ணத்தைப் பாலாடைபோல் அடுக்கடுக்காக ஏற்றுகிறார்கள். தடித்த ஒரே பூச்சு, செதுக்கலின் நுட்பத்தை மூடிவிடும். மேனிக்கு ஒரே நிறம் போதாது. மூக்கு நுனியிலும் காது மடலிலும் சிவப்பு மிகும். கண்குழியிலும் கீழுதட்டின் அடியிலும் நிழல் வேண்டும்.

பிறகு கண். மேலிமை கருவிழியின் மேல்விளிம்பைச் சற்றே மூடியிருப்பதுதான் அமைதியான முகத்தின் இயல்பு. கருவிழியைச் சுற்றிலும் வெள்ளை தெரிந்தால் அச்சமோ திகைப்போ தோன்றிவிடும். கடைப் பொம்மைகள் திடுக்கிட்டவைபோல் விழிப்பதற்குக் காரணம் இதுவே! அடுத்து, தூய வெள்ளைக்கு மாறாகச் சற்றுப் பழுப்பேறிய வெள்ளை. கறுப்புக் கோட்டுக்கு மாறாக ஆழ்ந்த பழுப்பில் இமை. இறுதியில் ஒளிப்புள்ளி, இரு கண்ணிலும் ஒரே திசையில். முகத்துக்கு மங்கிய வார்னிஷ், கண்ணுக்கு மட்டும் பளபளப்பு. முகம் முழுவதும் பளபளத்தால், தீட்டிய நிழலை மினுக்கம் விழுங்கிவிடும்.

நம் கொலுப் பொம்மையில் இவ்வேலை இன்னும் கவனம் வேண்டுவது. பழைய பொம்மைகளின் நிறம் பசையில் குழைத்த பொடி வண்ணம். ஈரத்துணி பட்டால் நிறமும் அடிப்பூச்சும் சேர்ந்தே வந்துவிடும். உலர்ந்த மென்தூரிகைதான் அதற்கேற்றது. எனாமல் பூசினால் பளபளப்புக் கிட்டும், உண்மை. ஆனால் அடியிலுள்ள மண்ணின் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பொருக்காக உரியும்.

ரமணர் பொம்மைக்கு இவற்றை எல்லாம் பொருத்திப் பார்த்தால் திருத்த வேண்டியவை ஒவ்வொன்றாகப் புலப்படும். எந்த ஆண்டின் படம் என்று முடிவுசெய்தல். வெளிர்சிவப்பை விட்டுச் செம்பொன்னுக்கு நகர்தல். தாடியை வெள்ளைக் கட்டியாக விடாமல், தாடைத் தோல் ஊடே தெரிய, நரைக்கோடுகளாக எழுதுதல். யாவற்றுக்கும் மேலாக அந்தக் கண்கள். அவரைக் கண்டு எழுதியவர்களில் கண்களைப் பற்றி எழுதாதவர் அரியர். ஆனால் எழுதியவர்கள் சொல்வது கண்ணின் வடிவத்தையன்று, அதன் அசைவின்மையையும் கனிவையும். ஒரு மில்லிமீட்டர் புள்ளியில் கனிவை எப்படி வைப்பது? மேலிமையை எவ்வளவு தாழ்த்துவது, கண்ணோரச் சுருக்கத்தை எவ்வளவு மெலிதாக இழுப்பது என்னும் இரண்டே முடிவுகளில் அது அடங்கியிருக்கிறது. கூடினால் தூக்கக் கலக்கம், குறைந்தால் திகைப்பு.

மேற்பூச்சின் அடியில்

இதுவரை மறுவண்ணத்தின் ஆக்கத்தைப் பேசினோம். அதன் அழிவையும் பேசாவிட்டால் வரலாறு முழுமையாகாது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த திருச்சுற்றில், நாயக்கர் காலத்தில் பழைய ஓவியங்களின்மேல் புதிய சாந்து பூசிப் புதிய ஓவியங்கள் எழுதப்பட்டன. அன்றைக்கு அது திருப்பணி. மங்கியதைப் புதுப்பித்த மகிழ்ச்சி அவர்களுக்கு. 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்த சோழர் ஓவியங்களைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். சுந்தரர் கயிலை செல்லும் காட்சியும் ஆடல்மகளிரும் முப்புரம் எரித்த பெருமானும் வெளிப்பட்டார்கள். ஒரு சுவரில் தெரியும் இருவரைக் கருவூர்த் தேவர் என்றும் இராசராசர் என்றும் பலர் கருதுகிறார்கள். செப்புத் திருமேனியின் உயரத்தை எழுதி முகத்தை எழுதாமல் விட்ட அதே கோயிலில், அரசரின் முகமாக இருக்கக்கூடிய ஒன்று நூற்றாண்டுக்கணக்கில் மற்றொரு பூச்சின் அடியில் உறங்கிக்கிடந்திருக்கிறது!

இந்திய அரசின் தொல்லியல் துறையினர் பின்னர் செய்த செயல் போற்றத்தக்கது. நாயக்கர் ஓவியத்தைச் சுரண்டி எறியவில்லை. அதனைச் சாந்தோடு பக்குவமாகப் பிரித்தெடுத்து, வேறு பரப்பில் ஒட்டித் தனியே காத்தார்கள். அடியிலிருந்த சோழர் ஓவியமும் வெளிப்பட்டது, மேலிருந்த நாயக்கர் ஓவியமும் பிழைத்தது. இரண்டு கைகளும் மதிக்கப்பட்டன. ஆனால் அது அரசு வல்லுநர்களால் ஒரு பெருங்கோயிலில் இயன்றது. ஒன்பது படிகளில் ஒரு மூலையில் நிற்கும் மண்பொம்மைக்கு யார் அதைச் செய்யப்போகிறார்கள்?

மூன்று தலைமுறைக்கு முன் பண்ருட்டியிலோ காஞ்சியிலோ பெயர் தெரியாத ஒருவர் எழுதிய கண்கள் நம் வீட்டுப் பொம்மையில் இருக்கின்றன. அவருக்குக் கல்வெட்டில்லை, புகைப்படமில்லை, கையெழுத்தும் இல்லை. புருவத்தை வளைத்த அந்த ஒரே இழுப்புதான் அவர் விட்டுச்சென்ற ஆவணம். 'முகம் சரியில்லை' என்று அதன்மேல் நாம் எனாமலைப் பூசும்போது, ஓர் ஓலைச்சுவடியைச் சுண்ணாம்பால் மெழுகுகிறோம்.

அப்படியானால் மறுவண்ணமே கூடாதா? அவ்வாறு சொல்வதும் முறையன்று. நமக்கு ஓர் எளிய அளவுகோல் தோன்றுகிறது. சாயலுக்குப் பொம்மைக்கு வெளியே சான்று இருக்கிறதா, பொம்மையே சான்றா? செங்கம் சாலைக் கடையில் இன்று வாங்கிய ரமணர் பொம்மைக்கு வெளியே அரை நூற்றாண்டுப் படங்கள் இருக்கின்றன. ஆயிரம் ஒத்த உருவங்களில் ஒன்று அது. படத்தைப் பார்த்து அதைத் திருத்துவது சாயலுக்குச் செய்யும் நன்மை. திரைநாயகரின் பிளாஸ்டிக் உருவத்துக்கும் இதுவே விதி. பாட்டி சீராகக் கொண்டுவந்த மண் இலட்சுமிக்கு வெளியே எந்தச் சான்றும் இல்லை. அந்தப் பூச்சே முதற்படி, அதுவே கடைசிப்படி. அதைத் தூசி தட்டி அப்படியே நிறுத்துவதே அதற்கு நாம் செய்யும் மரியாதை. ஃபன்ஸ்கூல் வீரரின் 'தவறான' நிறத்தை முன்னர் நினைவில் வைக்கச் சொன்னோமே! அதைத் திருத்திவிட்டால் அவர் எங்கே பிறந்தவர் என்பதைச் சொல்ல எதுவும் எஞ்சாது.

இரண்டுக்கும் நடுவில் உதிர்ந்துகொண்டிருக்கும் பொம்மைகள் பல. அவற்றுக்கும் வழியுண்டு. தொடுமுன் நான்கு பக்கமும், முகத்தை அண்மையிலும், பகல் வெளிச்சத்தில் படமெடுத்துவையுங்கள். உதிர்ந்த இடத்தை மட்டும் நிரப்புங்கள், எஞ்சிய இடத்தை விடுங்கள். நீரில் கரையும் வண்ணத்தை மட்டும் பயன்படுத்தினால், நாளை உங்களைவிடத் தேர்ந்தவர் அதை நீக்கிச் சரிசெய்வது எளிது. பொம்மையின் அடிப்பாகத்தில், யாருடையது, எந்த ஊரில் வாங்கியது, எந்த ஆண்டில் யார் வண்ணம் தீட்டியது என்று பென்சிலால் எழுதுங்கள். ஆதிவராகர் குடைவரையில் அரசர் தலைக்குமேல் ஒருவர் பெயர் பொறித்தாரே, அதே பணிதான் இது.

ரமணாசிரமத்தில் அன்னை யோகாம்பிகைக்கு ஆண்டுதோறும் நவராத்திரி விழா நடைபெறுகிறது. அந்த ஒன்பது நாட்களில் அப்பகுதி வீடுகளிலும் கொலுப்படிகள் எழும். செல்ல வாய்ப்புள்ள அன்பர்கள் பொம்மைகளின் முன் சற்று நின்று, தடியையும் கமண்டலத்தையும் விட்டுவிட்டு முகங்களை மட்டும் பாருங்கள். உங்கள் வீட்டுப் பரணில் இருப்பவற்றையும் இவ்வாண்டு ஒருமுறை அவ்வாறே பாருங்கள். தூரிகையை எடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.